குருத்தின் மேல் ஒரு கோடு

ஓர்வில் ஹால்வர்சனுக்குக் கை சும்மா இருக்காது. ஒழுங்காக ஓடுகிற எதையாவது பார்த்துவிட்டால், அதை இன்னும் ஒழுங்காக ஓடவைத்தே தீர வேண்டும் என்று அரிப்பெடுக்கும். பதினைந்து வருடம் நல்லபடியாக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த டோஸ்டரை ஒருமுறை சீர்திருத்தினான். அதற்குப் பிறகு அது ரொட்டியைச் சுட்டதைவிடக் கூரைக்கு எறிந்ததுதான் அதிகம். பவல் ரிவர் என்ற கடலோர ஊரின் காகித ஆலையில் முப்பத்தோரு வருடம் வெப்பமானி, அழுத்தமானி என்று கருவிகளைப் பார்த்துக்கொண்ட மனிதன். ஆலை ஓய்வு கொடுத்து அனுப்பியதும், சீர்திருத்துவதற்கு வீடு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஆகவே அவன் மனைவி தெல்மா ஜனவரியில் முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்குக் கிளம்பியபோது, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். வீட்டு வாசலில் பன்னிரண்டு படி. புது முட்டியோடு அதில் ஏறி இறங்க முடியாது. அதனால் ஆபரேஷன் முடிந்ததும் ஆறு வாரம் ஃபெரி படகில் கடல் தாண்டி கோமாக்ஸில், தங்கை ஆர்டிஸ் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. தாளில் சமையலைப் பற்றியோ துணி துவைப்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் பனையைப் பற்றி.

பனை என்றதும் நுங்கு வெட்டக் கத்தியைத் தேடாதீர்கள். இது விசிறி மட்டையும், அடிமரம் முழுக்கக் கம்பளி சுற்றியது போன்ற நாருமாக இருக்கும் அலங்காரப் பனை. பனி விழுகிற ஊரில் வாசலில் ஒரு பனை நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக வளர்க்கிறவர்கள் அந்தக் கடற்கரை நெடுக உண்டு. தெல்மா அதில் முற்றிய ரகம். அவள் பனை பதினாறு வருடத்துக்கு முன் ஒரு தயிர் டப்பாவில் இரண்டு இலையோடு வந்தது. நான்கு வருடம் வரவேற்பறை ஜன்னலோரம் தொட்டியில் இருந்தது. பிறகு தெற்கு பார்த்த சுவரோரம் மண்ணுக்குப் போனது. இப்போது அதன் உச்சியைப் பார்க்க ஏணி வேண்டும்.

தாளில் ஆறு வரிகள் இருந்தன. மைனஸ் மூன்றுக்குக் கீழே போனால் உச்சியைச் சுற்றியிருக்கும் விளக்குச் சரங்களைப் போடு. அதற்கு மேல் துணி சுற்று. குளிர் விட்டதும் துணியை எடு, உள்ளே ஈரம் நிற்கக் கூடாது. தண்ணீர் ஊற்றாதே. சந்தேகம் வந்தால் ஆம்ப்ரோஸைக் கூப்பிடு. வேறு எதையும் தொடாதே.

கடைசி வரிக்கு அடியில் மூன்று கோடு போட்டிருந்தாள்.

"அஞ்சு வரைக்கும் சரி. ஆறாவது எதுக்கு?" என்றான் ஓர்வில்.

"மத்த அஞ்சும் பனைக்கு. ஆறாவது உனக்கு" என்றாள் தெல்மா.

அவன் சத்தியமாக எதையும் தொட்டிருக்க மாட்டான். ஆனால் அவள் போன மூன்றாம் நாள், ஆணி வாங்கப் போன ஹார்டுவேர் கடையில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். பழைய விளக்குச் சரத்தைக் கொடுத்தால் புது எல்இடி சரம் பாதி விலைக்கு. தெல்மாவின் சரங்கள் கிறிஸ்துமஸ் காலத்துப் பழைய ரகம். கட்டை விரல் பருமனுக்குச் சாயம் பூசிய கண்ணாடி பல்புகள், அதில் பாதி சாயம் உதிர்ந்தவை. மின்சாரத்தை மொடாக்குடியனைப் போலக் குடிப்பவை. பல்பு வேறு, பனை வேறு என்று ஓர்வில் தனக்குத்தானே வாதாடி, தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான். மூன்று பழைய சரங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மூன்று புதுச் சரங்களைக் கட்டினான். சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். பார்க்கவே அவ்வளவு அழகு.

ஜனவரி கடைசி வாரம் குளிர் இறங்கியது. மைனஸ் ஐந்து, மைனஸ் எட்டு, அப்புறம் மைனஸ் பதினொன்று. ஓர்வில் தாளில் சொன்னபடி துணியைச் சுற்றினான், விளக்கைப் போட்டான். தினம் சாயங்காலம் ஏழு மணிக்குத் தெல்மா ஃபோன் செய்வாள்.

"விளக்கு போட்டியா?"

"போட்டேன். ஜெகஜ்ஜோதியா இருக்கு. தெருவே நின்னு பார்க்குது."

"துணி பல்பு மேல படாம பார்த்துக்க. சுட்டுடும்."

இந்தப் பல்பு சுடாது என்று வாய் வரைக்கும் வந்தது. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று முழுங்கிக்கொண்டான். ஐந்து நாள் பனை வெள்ளையாக ஜொலித்தது.

குளிர் விட்டு, பத்து நாள் மழை பெய்து ஓய்ந்த பிறகு, பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையில் ஏணி போட்டுத் துணியை எடுத்தான். இதுவே தாளில் சொன்னதற்குப் பத்து நாள் தாமதம். மழையில் யார் ஏறுவது என்று இருந்துவிட்டான். மட்டைகள் எல்லாம் பச்சையாக இருந்தன. நடுவில் ஈட்டி மாதிரி நேராக நிற்கும் குருத்து மட்டும் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. அழுக்காக இருக்கும் என்று இரண்டு விரலால் பிடித்தான். இழுக்கக்கூட இல்லை. குருத்து முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கொழகொழவென்று அழுகி, மீன் சந்தை மாதிரி நாறியது.

ஏணி மேலேயே கொஞ்ச நேரம் அந்தக் குருத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு இறங்கி ஆம்ப்ரோஸுக்கு ஃபோன் போட்டான். ஆம்ப்ரோஸ் கிப்சன்ஸ் ஊரில் இருக்கும் எழுபது வயதுக்காரர். கடற்கரைப் பனைக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். முகம் பார்க்காமலே நோயாளியை அதட்டக்கூடியவர்.

"விளக்கு போட்டீங்கதானே?" என்றார்.

"அஞ்சு நாளும் போட்டேன். அணைக்கவே இல்ல."

"எத்தனை வாட்?"

"புதுசு. எல்இடி. கரண்டே குடிக்காது."

ஓர்வில் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"ஹலோ?"

"இருக்கேன். ஓர்வில், போய் அந்த விளக்கைப் போடுங்க. அரை மணி நேரம் கழிச்சு ஒரு பல்பை உள்ளங்கையில மூடிப் பிடிங்க. அப்புறம் என்னைக் கூப்பிடுங்க."

பிடித்துப் பார்த்தான். சமையலறை டிராயருக்குள் கிடக்கும் ஸ்பூன் மாதிரி ஜில்லென்று இருந்தது.

முப்பத்தோரு வருடம் சூட்டை அளந்து சம்பளம் வாங்கியவன். கரண்ட் குடிக்காது, கரண்ட் குடிக்காது என்று கடைக்காரனில் இருந்து பக்கத்து வீட்டுக்காரன் வரை சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான். குடிக்காத கரண்ட் எந்த வேலையைச் செய்யாமல் விட்டது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. தெல்மா சுற்றி வைத்திருந்தது விளக்கே இல்லை, அடுப்பு. அவன் அந்த அடுப்பை எடுத்துவிட்டுக் குளிரில் நிற்கும் பனைக்கு நட்சத்திரம் காட்டியிருக்கிறான்.

"நான் கொன்னுட்டேனா?" என்றான் இரண்டாவது முறை ஃபோன் போட்டதும்.

"அது இப்போ யாருக்கும் தெரியாது. பனைக்கு உச்சியில ஒரே குருத்து. ஆப்பிள் மரமா, ஒரு கிளை போனா இன்னொரு கிளைன்னு இருக்க? அடியில உயிர் இருந்தா அடுத்தது வரும். இல்லேன்னா இல்ல. செத்த பனைகூட ஒரு வருஷம் மட்டையைப் பச்சையா வெச்சுக்கிட்டு நம்மளை ஏமாத்தும்."

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

"மருந்துக்கடையில புண்ணு கழுவுற பெராக்சைடு வாங்கிக் குழிக்குள்ள ஊத்துங்க. நுரைக்கும். நுரை அடங்கற வரைக்கும் தினம் ஊத்துங்க. மழை இறங்காம ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கவுத்து வைங்க. அப்புறம் கோடு போடுங்க."

"என்ன கோடு?"

"குழிக்குள்ள அடுத்த குருத்தோட நுனி தெரியும். அழியாத பேனாவால அந்த நுனி மேலயும் பக்கத்து மட்டைக் காம்பு மேலயும் சேர்த்து ஒரே நேர்கோடா இழுங்க. மட்டைக் காம்பு வளர்ந்து முடிஞ்சது, நகராது. குருத்துக்கு உயிர் இருந்தா அது மேல வரும். கோடு ரெண்டா உடையும். உடைஞ்சா பிழைச்சுது."

"உடையலேன்னா?"

"பார்த்துக்கிட்டே இருங்க. இன்னொண்ணு, தெல்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நானா கூப்பிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனா அவ கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"இன்னைக்கே சொல்லிடறேன்" என்றான் ஓர்வில்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குத் தெல்மா ஃபோன் செய்தாள். குரலிலேயே வலி தெரிந்தது. பனை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஜோராக இருக்கிறது என்றான். பிறகு, பக்கத்து வீட்டுக் குப்பையைக் கிளற வந்த ரக்கூன் என்ற திருட்டுப் பிராணி ஒன்று ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்டுக்கொண்டு தெருவெல்லாம் முட்டிக்கொண்டு ஓடிய கதையை அரை மணி நேரம் சொன்னான். தெல்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவன் போட்ட கணக்கு இதுதான். கோடு ஒரு மில்லிமீட்டராவது நகரட்டும். கெட்ட சேதியைச் சொல்லும்போது கையில் ஒரு நல்ல சேதியும் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு ஃபெரியில் போய் அவளை நேரில் பார்த்தான். ஜோராக இருக்கிறது என்று நேரிலும் சொன்னான். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னான். பொய் பழகப் பழக வாய் கூசுவது நின்றுவிட்டது. அதுதான் அவனுக்கே பயமாக இருந்தது.

கோடு நகரவில்லை. தினம் காலை எட்டு மணிக்கு ஏறுவான். ஆலையில் வைத்திருந்த எஃகு அளவுகோலை வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். பூஜ்யம். ஆனால் பார்க்கப் பார்க்க அவனுக்கே ஒரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடம் வாசலில் நின்ற ஒன்றைப் பற்றித் தனக்கு ஒரு இழவும் தெரியாதே என்று தெல்மாவின் பனை நோட்டை எடுத்துப் படித்தான். எந்தத் தேதியில் எத்தனையாவது மட்டை விரிந்தது, எந்த மாதம் எத்தனை அங்குலம் என்று பதினாறு வருடம் எழுதியிருந்தாள். போன வருடம் ஒன்பது மட்டை. அதற்கு முன் வருடம் எட்டு. ஆலையிலேயே இப்படி ஒரு பதிவேடு இருந்ததில்லை.

கடைசி ஏழு வருடமும் ஒவ்வொரு மே மாதத்திலும் ஒரே வரி எழுதியிருந்தது. "பூ? இல்லை."

அதைப் பார்த்துக் குழம்பி ஆம்ப்ரோஸைக் கேட்டான். இந்தப் பனையில் ஆண் வேறு, பெண் வேறு. பூக்கிற வரைக்கும் எது எது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்றார் அவர். ஓர்வில்லுக்குச் சட்டென்று உறைத்தது. முன்பொருமுறை இதற்கு ஒரு பெயர் வைக்கலாமே என்று அவன் கிண்டலாகச் சொன்னபோது, "ஆணா பெண்ணான்னே தெரியாம என்னன்னு வைக்கறது?" என்று அவள் சீரியஸாகக் கேட்டிருந்தாள். அவன் சிரித்துவிட்டு டோஸ்டரைப் பிரிக்கப் போய்விட்டான்.

மார்ச் எட்டாம் தேதி தெல்மா திரும்பி வந்தாள். ஃபெரித் துறையில் இருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். வண்டியில் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் இருந்து ஒத்திகை பார்த்திருந்தான். பன்னிரண்டு நிமிடமும் மழையைப் பற்றிப் பேசினான்.

வண்டி நின்றதும் தெல்மா இறங்கவில்லை. கண்ணாடி வழியே மேலே பார்த்தாள்.

"குருத்து எங்க?"

"உள்ள போய் உட்கார்ந்து காப்பி குடிச்சுக்கிட்டே..."

"ஓர்வில். குருத்து எங்க?"

சொன்னான். பல்பை மாற்றியது, உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தது, பெராக்சைடு, கோடு, எல்லாவற்றையும்.

"கோடு எப்ப போட்ட?"

"பிப்ரவரி ஒம்பது."

"ஒம்பது. திங்கக்கிழமை. அன்னிக்கு சாயங்காலம் ரக்கூன் கதை சொன்ன. நான் சிரிச்ச சிரிப்புல தையல் வலி எடுத்துடுச்சு."

"ரக்கூன் நிஜம், தெல்மா."

"ரக்கூன் நிஜமாவே இருக்கட்டும். பல்பை மாத்தினது முட்டாள்தனம். அது எனக்குப் பழகிடுச்சு, முப்பத்தி நாலு வருஷமா பார்க்கறேன். ஆனா நீ ஆர்டிஸ் வீட்டு சோஃபாவுல உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்த்து 'ஜோரா இருக்கு'ன்னு சொன்ன. பட்டர் டார்ட்டை மென்னுக்கிட்டே சொன்ன. ரெண்டு டார்ட் தின்ன."

"நீ வலியில இருந்த. அதனாலதான்..."

"முட்டியைத்தான் வெட்டினாங்க. காதை வெட்டல."

கைத்தடியை ஊன்றிப் பன்னிரண்டு படியையும் தானே ஏறினாள். அவன் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

பனை பிழைக்குமா என்பது ஒரு கேள்வி. தன் வாயில் இருந்து வருவதை இனி இவள் நம்புவாளா என்பது இன்னொரு கேள்வி. ஓர்வில்லுக்குச் சோறு இறங்காமல் செய்தது இரண்டாவதுதான்.

தெல்மாவால் ஏணி ஏற முடியாது. டாக்டர் ஆறு மாதத்துக்கு ஏணியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஓர்வில் ஏறி இறங்கி, சமையலறைக்கு வந்து "பூஜ்யம்" என்றான். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பதினொரு மணிக்குத் தபால்காரன் கர்ட்டிஸ் வந்தான். நாற்பது வயது, நல்ல உயரம், அந்தத் தெருவில் பத்து வருடமாகத் தபால் போடுகிறவன். தெல்மா வாசலுக்குப் போனாள்.

"கர்ட்டிஸ், எனக்கொரு உதவி. அந்த ஏணியில ஏறி ஒண்ணு பார்த்துச் சொல்லணும்."

"நான் தபால்காரன், தெல்மா."

"கண்ணு இருக்குல்ல? உச்சிக் குழிக்குள்ள ஒரு கருப்புக் கோடு இருக்கும். அது உடைஞ்சிருக்கா, எவ்வளவு உடைஞ்சிருக்குன்னு சொல்லுங்க."

கர்ட்டிஸ் ஓர்வில்லைப் பார்த்தான். ஓர்வில் எஃகு அளவுகோலை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டான். வேறு என்ன செய்ய?

"ஜீரோ!" என்று மேலே இருந்து குரல் வந்தது.

"நன்றி கர்ட்டிஸ்" என்றாள் தெல்மா. உள்ளே போய் நோட்டில் எழுதினாள்.

எட்டு மணிக்கு ஓர்வில் சொன்னதும் அதே பூஜ்யம்தான். அன்று முழுக்க அவன் கராஜில் உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவமானம் ஒரு பக்கம். அவள் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லையே என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகம் குத்தியது.

அது வழக்கமாகிவிட்டது. காலை எட்டுக்கு ஓர்வில் சொல்வான், அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பதினொன்றுக்குக் கர்ட்டிஸ் சொல்வான், அவள் எழுதிக்கொள்வாள். சனி, ஞாயிறு தபால் இல்லை என்பதால் நோட்டிலும் ஒன்றும் இல்லை. ஏப்ரலில் கர்ட்டிஸுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. தபாலைக் கொடுப்பதற்கு முன்பே பையை இறக்கிவைத்துவிட்டு ஏறத் தொடங்கினான். அவன் போகிற வழியில் எல்லாம் பனை எப்படி இருக்கிறது என்று ஜனங்கள் கேட்கிறார்களாம். அந்தத் தெருவில் மட்டும் தபால் கால் மணி நேரம் தாமதமாகக் கிடைத்தது.

ஏப்ரல் கடைசியில் ஓர்வில்தான் முதலில் பார்த்தான். சுவர்ப் பக்கம், இரண்டு மட்டைக்கு நடுவில், கைமுஷ்டி அளவுக்கு ஏதோ வீங்கியிருந்தது. கீழே இருந்து பார்த்தால் மட்டைதான் தெரியும். இறங்கி ஓடி வந்து சொன்னான். தெல்மா கையில் இருந்த காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்தாள். ஒரு கணம் அவள் முகம் திறந்தது, அவன் பார்த்தான். பிறகு மூடிக்கொண்டது.

"கர்ட்டிஸ் வரட்டும்" என்றாள்.

கர்ட்டிஸ் வந்து பார்த்துவிட்டு, "அய்யோ, ஆமா, பெருசா ஒண்ணு இருக்கு!" என்று கத்தினான். தெல்மா ஆம்ப்ரோஸுக்கு ஃபோன் போட்டாள். அவள் குரலில் இருந்த துள்ளல் பேசப் பேச இறங்கிக்கொண்டே போனதை ஓர்வில் பக்கத்து அறையில் இருந்து கேட்டான்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டே விட்டான்.

"பூதானாம். ஆனா அது போன வருஷமே உள்ள கட்டினதாம். குருத்து செத்தாலும் பூ வருமாம்." கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்று இல்லாமல், "வந்துட்டு செத்துப் போகுமோ என்னமோ" என்றாள்.

பூப்பாளை மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வெடித்தது. ஓர்வில் வந்து "வெடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. சனிக்கிழமை தபால் கிடையாது. தெல்மா அன்று ருபார்ப் கேக் செய்தாள், அடுப்பைத் துடைத்தாள், ஜன்னலைத் துடைத்தாள், துடைத்த ஜன்னலை மறுபடி துடைத்தாள். எந்த ஜன்னலில் இருந்தும் பூ தெரியவில்லை. வாசலில் தடியோடு நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி இறங்கினாள். கதவுக்குப் பின்னால் இருந்து ஓர்வில் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமையும் தபால் கிடையாது. காலை ஒன்பது மணிக்குத் தெல்மா ஒரு மடக்கு நாற்காலியைப் புல்லில் போட்டு உட்கார்ந்தாள். பதினாறு வருடம் காத்திருந்தவளால் இன்னும் ஒரு நாள் காத்திருக்க முடியவில்லை.

"ஓர்வில்!"

வந்தான்.

"ஏறு."

அவன் நம்பாமல் நின்றான். "கேமராவ எடுத்துக்கிட்டு ஏறட்டா? படம் எடுத்துட்டா நீயே..."

"அந்த ரோல் கழுவி வர ஒரு வாரம் ஆகும். அதுக்குள்ள எனக்கு மூச்சு நின்னுடும். நீ பார்த்துச் சொல்லு."

ஏறினான். ஒவ்வொரு படியையும் இறுகப் பிடித்துக்கொண்டான். ஏணியில் ஏறுவதற்கு அவன் என்றும் பயந்ததில்லை.

"என்ன நிறம்?"

"மஞ்சள்."

"நல்ல மஞ்சளா?"

அவன் குனிந்து பார்த்தான். "இல்ல. எலுமிச்சை பழுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இருக்குமே, அந்த மாதிரி. பச்சைதான் தூக்கலா இருக்கு."

நாற்காலி கிறீச்சிட்டது. அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அடர்த்தியா இருக்கா? கிளையை விரலால தட்டு. தூள் விழுதா?"

"அடர்த்தி இல்ல. விலகி விலகி இருக்கு. தட்டினா ஒண்ணும் விழல."

"விரல்ல மஞ்சள் ஒட்டுதா?"

"சுத்தமா இருக்கு."

"ஒரே ஒரு பூவைப் பிச்சு நடுவுல பாரு. அவசரப்படாதே. நல்லா பாரு."

மிளகு அளவுக்கு இருந்தது அந்தப் பூ. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பூவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "நடுவுல மூணு இருக்கு. பச்சையா, குண்டா, ஒண்ணோட ஒண்ணு முதுகை ஒட்டிக்கிட்டு. ரொம்பக் குட்டி."

அவன் எட்டிப் பார்த்தான். தெல்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"தூள் இல்ல, நடுவுல பிஞ்சு. பெண்ணு" என்றாள் கையை எடுத்துவிட்டு. "ஓர்வில், அது பெண்ணு! இவ்வளவு நாளா ஒரு பொண்ணு நம்ம வாசல்ல நின்னிருக்கா." சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். முப்பத்து நாலு வருடத்தில் அவள் அழகாக இருந்த நாட்கள் அவனுக்கு நிறைய நினைவிருந்தன. இது அதில் சேர்ந்தது.

கோட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மறந்துவிட்டிருக்கலாம். அவன் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துவிட்டு, வழக்கம் போல அளவுகோலைக் குழிக்குள் இறக்கினான். பார்த்தான். மறுபடி பார்த்தான். மூன்றாவது முறையும் பார்த்தான். பிப்ரவரியில் இருந்து எந்தச் சேதிக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தானோ அந்தச் சேதி அங்கே இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. அதுவும் இந்த நாளிலா, இவ்வளவு வசதியாகவா என்று சந்தேகமாக இருந்தது.

"என்ன சத்தத்தையே காணோம்?"

"கோட்டைப் பார்க்கறேன்."

"சரி."

"அரை மில்லிமீட்டர் உடைஞ்சிருக்கற மாதிரி இருக்கு." அவள் ஏதாவது சொல்வதற்குள் அவசரமாகச் சேர்த்தான். "ஆனா எழுதிடாத. எனக்கு நிச்சயமா தெரியல. மூணு மாசமா இது நகரணும்னே கிடக்கேன். என் கண்ணு எனக்கு சாதகமா பார்க்குதோ என்னமோ."

தெல்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். வெயில் அவள் கண்ணில் அடித்தது, கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப உன் ஆசையைக் கழிச்சிட்டுச் சொல்லு" என்றாள்.

ஓர்வில் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டான். அளவுகோலை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆலையில் அடுத்த ஷிப்ட்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அளவைப் படிப்பது போலப் படித்தான்.

"கால்."

"கால் மில்லிமீட்டர்?"

"கால். அதுக்கு மேல சத்தியம் பண்ண மாட்டேன்."

"கால் போதும். இறங்கு. பார்த்து இறங்கு" என்றாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கர்ட்டிஸ் வந்தான். பையை இறக்கிவைத்துவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு ஏணியை நோக்கிப் போனான். கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த ஓர்வில்லுக்கு ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

"இன்னைக்கு ஏற வேண்டாம் கர்ட்டிஸ்" என்றாள் தெல்மா.

கர்ட்டிஸின் முகம் வாடிவிட்டது. "ஏன்? செத்துப்போச்சா?"

"இல்ல. கோடு கால் மில்லிமீட்டர் உடைஞ்சிருக்கு. பூ பெண்ணு."

"நிஜமாவா? யாரு பார்த்தா?"

"ஓர்வில் சொன்னான்" என்று சொல்லிவிட்டு, தெல்மா கையை நீட்டிக் கடிதங்களை வாங்கிக்கொண்டாள்.